போட்ட உப்பும் எடுத்த உப்பும்: திருப்பூர் சாயப்பட்டறைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

கறுப்பு டி-சர்ட் ஒன்றின் எடை சுமார் 150 கிராம். அதற்குச் சாயம் ஏற்ற ஏறக்குறைய 72 கிராம் உப்பு செலவாகிறது. அந்த உப்பு துணியில் தங்குவதற்காகப் போடப்படுவதில்லை. சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது; பிறகு அத்தனையும் வடிகாலுக்குத்தான். திருப்பூரில் பல ஆண்டுகள் நடந்த வழக்குகள், ஆலை மூடல், கடன், கோடிக்கணக்கில் இறக்கிய இயந்திரங்கள் எல்லாமே அந்த 72 கிராம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியிலிருந்து வந்தவை.

ஆறும் தீர்ப்பும்

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. மழை மாதங்கள் போக அதில் சொந்த நீரோட்டம் குறைவு. பின்னலாடைத் தொழில் வேகமெடுத்த 1980, 90களில் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைக் (துணியை வெளுக்கும் பட்டறை) கழிவுநீர்தான் பல மாதங்கள் ஆற்றில் ஓடியது. சுமார் 10,000 ஏக்கர் பாசனத்தை நம்பி 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமானது. அணை நிறைந்து நிற்க, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கடைமடை விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

அப்போது சுத்திகரிப்பே இல்லாமல் இல்லை. 1990களில் பல பட்டறைகளுக்கும் சேர்த்துப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்து கசடைப் படியவைப்பார்கள். நிறம் பெரும்பாலும் போய்விடும், நீர் தெளியும். ஆனால் உப்பு கரைந்த நிலையிலேயே நின்றது. சுண்ணாம்பால் அதை இம்மியும் அசைக்க முடியாது. போதாக்குறைக்கு மலைபோல் ரசாயனக் கசடும் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பிடித்தார்கள், கண்ணுக்குத் தெரியாத உப்பை விட்டுவிட்டார்கள். இந்த நிகழ்வின் மூலத்தவறு இதுதான். சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடும். மேலே ஓடு போல் கட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்காது. கிணற்று நீரும் உவர்த்துவிட்டால் அந்த நிலத்தில் பழைய பயிருக்குத் திரும்ப வழியில்லை.

சுற்றுச்சூழல் இழப்பீட்டு ஆணையம் 2002 முதல் 2004 வரையிலான பாதிப்புக்கு 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை முடிவதற்குள் பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேற்றாத நிலையை அடைய வேண்டும் என்றது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை செலுத்தச் சொன்னது. உப்பைப் பிரித்தெடுக்கும் முழுச் சுத்திகரிப்பின் செலவு இதைவிட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும். அபராதம் மலிவாக இருக்கும்வரை இயந்திரம் வாங்க யாருக்கும் அவசரம் வருவதில்லை. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்று மேலும் மூன்று மாதம் மட்டும் கொடுத்தது. அதுவும் கடந்து, 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்த பிறகு, உப்பை மீட்கும் வசதியோடு 18 பொது நிலையங்கள் படிப்படியாகத் திரும்ப ஓடத் தொடங்கின. அருள்புரம் நிலையம்தான் இதில் முன்னோடி.

கிலோவுக்கு எவ்வளவு?

பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். தண்ணீரில் பருத்தியும் எதிர்மின்னூட்டம், சாயமும் எதிர்மின்னூட்டம், ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கத்தை மறைத்துச் சாயத்தை நூலுக்கு அருகில் கொண்டுவரும். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரம் ஏற்றினால் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும். வழக்கமான சாயங்களில் இப்படிப் பிணைவது 60 முதல் 80 சதவீதம். மீதிச் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். சோப்பிங்கில் (சோப்பு போட்டுச் சூடாகக் கழுவுவதில்) அதைக் கழுவித் தள்ளாவிட்டால் வாங்கியவர் வீட்டு வாளியில் இறங்கும்.

வெளிர் ஷேடுக்கு லிட்டருக்கு 20–30 கிராம் உப்பு, நடுத்தரத்துக்கு 40–60, கறுப்பு, நேவி, மெரூன் போன்ற அடர் ஷேடுக்கு 80–100. சாஃப்ட் ஃப்ளோ என்ற சாய இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் என்ற விகிதம் வைத்தால், லிட்டருக்கு 80 கிராம் என்பது கிலோவுக்கு 480 கிராம். விஞ்ச் என்ற பழைய சாய இயந்திரத்தில் கிலோவுக்கு 10 லிட்டர் வைத்து ஓட்டினால் 800 கிராம். சலவை, நடுநிலையாக்கம், சாயம், கழுவல், சோப்பிங், சாஃப்ட்னர் எல்லாம் சேர்த்துக் கிலோ துணிக்கு 60 லிட்டர் தண்ணீர் போகிறது என்று கொண்டால், 480 கிராம் உப்பு அதில் கலந்து லிட்டருக்கு 8 கிராம், அதாவது டி.டி.எஸ். (கரைந்திருக்கும் திடப்பொருள், லிட்டருக்கு மில்லிகிராமில்) 8,000. வெளியேற்ற வரம்பு 2,100. வரம்புக்குள் கொண்டுவரத் தண்ணீர் ஊற்றிக் கலக்கலாமே என்று தோன்றும். ஆற்றுக்குப் போகும் உப்பின் எடை அதனால் ஒரு கிராமும் குறையாது.

ஜீரோ டிஸ்சார்ஜ் (ஒரு சொட்டும் வெளியேற்றாத) நிலையத்துக்குள்

கழிவுநீர் முதலில் சமன்படுத்தும் தொட்டியில் ஒரு நாள் அளவுக்கு நிற்கிறது. ஒரு பட்டறையின் கறுப்பும் இன்னொன்றின் வெள்ளையும் கலந்து சராசரியாக வேண்டும். பி.எச். 9-லிருந்து 11 வரை இருக்கும். அமிலம் ஊற்றி இறக்கிய பிறகு நுண்ணுயிர்த் தொட்டியில் காற்றூட்டல். அதன் பின் நிறநீக்கம், மணல் வடிகட்டி, அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், கடினத்தன்மை நீக்கும் ரெசின், கடைசியில் பல கட்ட ஆர்.ஓ. (உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வு வழியாக அழுத்தித் தள்ளும் முறை). உள்ளே வந்த நீரில் 85–90 சதவீதம் நல்ல நீராகப் பட்டறைக்குத் திரும்பும். மீதி 10–15 சதவீதத்தில் உப்பு முழுவதும் செறிந்து நிற்கும்.

ஆர்.ஓ.வை இன்னும் இறுக்கிப் பிழியலாமே என்றால் அங்கே இயற்கை ஒரு சுவர் எழுப்பியிருக்கிறது. சாதாரண உப்பில் லிட்டருக்கு ஒரு கிராம் கூடக்கூடச் சவ்வூடு அழுத்தம் சுமார் முக்கால் பார் ஏறும். லிட்டருக்கு 70 கிராமைத் தாண்டினால் அந்த அழுத்தத்தை வெல்வதற்கே 50 பாருக்கு மேல் வேண்டும். தள்ளுவதற்கு அதற்கும் மேல். அதன் பிறகு கொதிக்கவைத்து ஆவியாக்குவது ஒன்றே வழி. நான்கு கட்ட எவாப்பரேட்டரில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 0.3 கிலோ நீராவி தேவை. ஆயிரம் லிட்டருக்கு 300 கிலோ நீராவி, அதற்கு ஏறக்குறைய 100 கிலோ விறகு. ஆற்றைக் காப்பாற்றக் காட்டை எரிக்கிறோமா என்ற கேள்வி இங்கே நியாயமாகவே எழுகிறது. அதனால்தான் எவாப்பரேட்டருக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரையும் முன்னாலேயே குறைப்பது கட்டாயமாகிறது.

குறைக்கும் வழிகளில் ஒன்று பிரைனை (செறிந்த உப்பு நீரை) நேராகத் திரும்ப எடுப்பது. ஆர்.ஓ. ரிஜெக்டிலிருந்து (சவ்வைத் தாண்டாமல் மிஞ்சும் நீரிலிருந்து) நிறத்தையும் கரிமப் பொருளையும் நானோ ஃபில்ட்ரேஷனால் பிரித்துவிட்டு, உப்பு நீரை அப்படியே சாயத்தொட்டிக்கு அனுப்பலாம். இதில் இரண்டு இடத்தில் கை சுடும். முதலாவது, அடர் ஷேடு கேட்பது லிட்டருக்கு 80 கிராம். பிரைனில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆகவே நடுத்தர ஷேடுக்கு மட்டும் பிரைன், அடர் ஷேடுக்குப் பிரைனோடு திட உப்பு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பிரைனில் மிஞ்சியிருக்கும் பைகார்பனேட் காரம். சோடா போடும் முன்பே சாயம் பிணையத் தொடங்கிவிடும். துணி திட்டுத் திட்டாக வரும். அமிலம் சேர்த்துக் காற்றூட்டி கார்பன் டை ஆக்சைடை விரட்டிய பிறகே பிரைனைத் தொட்டியில் விட வேண்டும். கடினத்தன்மையை ஒவ்வொரு டேங்கருக்கும் பார்க்க வேண்டும்.

எந்த உப்பு?

இந்த ஒரு முடிவு வேறு எதையும்விட அதிகம் தீர்மானிக்கிறது. சாயத்துக்குச் சாதாரண உப்பும் (சோடியம் குளோரைடு) போடலாம், கிளாபர் உப்பும் (சோடியம் சல்பேட்) போடலாம். குளோரைடு மலிவு. ஆனால் மீட்கும் இடத்தில் இரண்டின் குணமும் வேறு. சோடியம் சல்பேட்டின் கரைதிறன் குளிர்ந்தால் மளமளவென்று சரியும்: 100 கிராம் தண்ணீரில் 32 டிகிரியில் ஏறக்குறைய 50 கிராம் கரைவது, பூஜ்ய டிகிரிக்கு அருகே 5 கிராமாகிவிடும். ஆகவே செறிந்த நீரைச் சில்லரில் குளிர்வித்தாலே சுத்தமான கிளாபர் படிகம் கீழே விழும். குளோரைடு அப்படி இல்லை. சூட்டிலும் குளிரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரைந்திருக்கும். அதை ஆவியாக்கித்தான் எடுக்க வேண்டும்.

ஒரு பொது நிலையத்தின் உறுப்பினர்களில் பாதிப் பேர் ஒன்றும் மீதிப் பேர் மற்றொன்றும் போட்டால், கடைசியில் விழுவது இரண்டும் கலந்த மிக்ஸ்டு சால்ட். அதைச் சாயத்துக்கு நம்பி எடுக்க முடியாது, விற்க முடியாது, கொட்டவும் முடியாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்க வேண்டியதுதான். மழைச்சாரல் பட்டால் கரைந்து அதே மண்ணுக்குத் திரும்பிவிடும்.

சல்பேட் மட்டும் என்று முடிவெடுத்த நிலையத்திலும் குளோரைடு வேறு வாசல் வழியாக நுழையும். பி.எச். இறக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் குளோரைடு; கந்தக அமிலம் ஊற்றினால் சல்பேட். நிறம் நீக்க ஹைப்போகுளோரைட் ஊற்றினாலும் குளோரைடுதான். அதோடு, மிஞ்சிய குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும். கடினத்தன்மை நீக்கும் ரெசினைத் திரும்ப உயிர்ப்பிக்கச் சாதாரண உப்புக் கரைசல் ஓட்டுகிறார்கள். அந்தக் கழுவல் நீரை முதல் தொட்டியில் கலந்துவிட்டால் அதுவும் கணக்கில் ஏறும். ஒரு நிலையத்தின் உப்பு கெடுவது பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னக் கேன்களில்தான்.

மீட்ட கிளாபரைப் பயன்படுத்தும் பட்டறைக்கு ஒரு எச்சரிக்கை. சில்லரிலிருந்து வருவது பத்து நீர் மூலக்கூறோடு கூடிய படிகம். 100 கிலோ மூட்டையில் உண்மையான சல்பேட் 44 கிலோ. மீதி 56 கிலோ தண்ணீர். உலர்ந்த உப்பில் 80 கிராம் கேட்கும் ரெசிபிக்கு இதில் சுமார் 180 கிராம் எடைபோட வேண்டும். ‘மீட்ட உப்பில் ஷேடு வரவில்லை’ என்ற புகார்களை ஆராய்ந்தால் பாதி இங்கேதான் முடியும். ஈரம் மூட்டைக்கு மூட்டை மாறும் என்பதால், எடையை நம்பாமல் தொட்டியில் கரைத்துக் கண்டக்டிவிட்டியோ (மின்கடத்து திறன்) போமே அளவோ (கரைசலின் அடர்த்தி) பார்த்துச் சேர்ப்பது நல்லது.

தொட்டியிலேயே குறைத்தால்

இறுதிக்கட்ட இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும், தொட்டியில் போட்டதைத்தான் அது எடுக்க முடியும். முதலில் பார்க்க வேண்டியது லோடிங், அதாவது இயந்திரத்தில் எவ்வளவு துணி ஏற்றுகிறோம் என்பது. 500 கிலோ சாஃப்ட் ஃப்ளோவில் முழு லோடு ஏற்றினால் 3,000 லிட்டர், 240 கிலோ உப்பு. கிலோவுக்கு 480 கிராம். அதே இயந்திரத்தில் 250 கிலோ மட்டும் ஏற்றினாலும் பம்பு ஓட 2,200 லிட்டராவது வேண்டும் என்றால், 176 கிலோ உப்பு போகும். கிலோவுக்கு 704 கிராம். உப்பு லிட்டர் கணக்கில் போடுவது, துணிக் கணக்கில் அல்ல. ஒரே ஆர்டரில் பன்னிரண்டு கலர் கேட்டு, கலருக்கு 80 கிலோ கொடுக்கும் பையர் இதைத்தான் செய்யவைக்கிறார்.

அடுத்தது முதல் தடவையிலேயே ஷேடு சரியாக வருவது. தப்பினால் காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுச் சாயத்தை உரித்து மறுபடியும் ஏற்ற வேண்டும். உப்பு, தண்ணீர், விறகு எல்லாம் இரட்டிப்பு. தப்புவதற்கான காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை. சலவைக்குப் போட்ட பெராக்சைடு துணியில் மிஞ்சியிருப்பது ஒன்று. சோதனைத் தாளில் பூஜ்யம் காட்டும்வரை சாயம் விடக் கூடாது. லேப் டிப் (ஆய்வகத்தில் போட்டுப் பார்க்கும் மாதிரிச் சாயம்) ஒரு தண்ணீரிலும் உற்பத்தி வேறு தண்ணீரிலும் நடப்பது இன்னொன்று. ஆர்.ஓ. பெர்மியேட்டும் (சவ்வைத் தாண்டி வந்த நல்ல நீர்) மீட்ட உப்பும்தான் உற்பத்தியில் என்றால் லேப் பீக்கரிலும் அவையே இருக்க வேண்டும். சோடாவை ஒரே வாளியாகக் கொட்டாமல் 30–40 நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக டோஸிங் செய்வது மூன்றாவது.

உப்பு மிகுந்த முதல் வடிப்பைத் தனியே பிடிப்பதும் கைகொடுக்கும். சாயக்குளியல் 6 லிட்டரில் துணி சுமார் 3 லிட்டரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; வடிவது 3 லிட்டர், அதில் பாதி உப்பு. அடுத்த கழுவலில் இன்னொரு கால்வாசி வெளியே வரும். ஆகக் கிலோவுக்கு 6 லிட்டருக்குள் முக்கால்வாசி உப்பு. இதைத் தனிக்குழாயில் எடுத்தால் மீதி 50 லிட்டருக்கு மேல் உப்புக் குறைந்த நீராகி ஆர்.ஓ.வில் சுலபமாக ஓடும். இரண்டாவது வடிகுழாயும் தானியங்கி வால்வும் வேண்டும், அவ்வளவே. வால்வைக் கையால் திருப்பும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். இரவு ஷிப்டில் அது திரும்பாது.

உப்பே இல்லாத முறையும் இருக்கிறது: கோல்டு பேட் பேட்ச். சாயமும் காரமும் கலந்த கரைசலில் துணியை நனைத்துப் பிழிந்து உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் தாள் மூடி, அறை வெப்பத்தில் 12–16 மணி நேரம் மெதுவாகச் சுழலவிட்டுக் கழுவுவார்கள். பின்னல் துணியில் ஓரம் சுருள்வது இதன் தலைவலி. துணியைப் பிளந்து அகலமாக விரித்து, இழுவிசை ஏறாமல் ஓட்ட வேண்டும். சின்ன லாட்டுக்கு (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித்தொகுதி) கட்டுப்படியாகாது. காரத்துக்குச் சோடியம் சிலிக்கேட் போட்டால் அது பின்னால் ஆர்.ஓ. சவ்வில் சிலிகாவாகப் படியும். காஸ்டிக், சோடா கலவையில் ஓட்டுவதே ஜீரோ டிஸ்சார்ஜுக்கு ஒத்துவரும்.

வாங்குபவர் கையில்

பொது நிலையக் கட்டணம் லிட்டருக்கு 20 காசு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கிலோ துணிக்கு 60 லிட்டர் என்றால் 12 ரூபாய். ஒரு டி-சர்ட்டுக்கு 1 ரூபாய் 80 காசு. கடையில் 500 ரூபாய்க்கு விற்கும் உடுப்பில் இது ஒன்றுமே இல்லை. கூலிக்குச் சாயமேற்றித் தரும் பட்டறைக்கோ கிலோவுக்கு 12 ரூபாய் என்பது வாழ்வா சாவா என்ற தொகை. இந்தச் செலவில்லாமல் வேறெங்கோ சாயமேற்றித் தருகிறேன் என்று ஒருவர் பத்து ரூபாய் குறைத்துச் சொல்லும்போது, பையர் அந்த விலையை வைத்து மற்றவரிடம் பேரம் பேசினால், விதிப்படி ஓட்டுகிறவர் தோற்றுப்போவார். சுத்திகரிப்புக் கட்டணத்தைச் சாயக் கூலியிலிருந்து பிரித்துப் பில்லில் தனி வரியாகப் போடுவதும், அதைப் பேரத்துக்கு வெளியே வைப்பதும் பையரால் உடனே செய்யக்கூடியவை. கலர்களைக் குறைத்து லாட்டைப் பெரிதாக்குவதும், கண்ணுக்குத் தெரியாத ஷேடு வித்தியாசத்துக்காக மறுசாயம் கேட்காமல் இருப்பதும் அப்படியே.

கல்லூரி, நிறுவனம், மாரத்தான் என்று மொத்தமாக டி-சர்ட் வாங்குபவர்கள் தங்களுக்கென்று தனி ஷேடு கேட்காமல், வெள்ளை டி-சர்ட்டில் பிரிண்ட் போட்டு வாங்கலாம். வெள்ளைத் துணிக்கும் சலவைத் தண்ணீர் போகும். ஆனால் சாய உப்பு கிடையாது. தனி நபருக்கு இதைவிடப் பெரிய நெம்புகோல், வாங்கியதை நெடுநாள் உடுத்துவது. அந்தக் கறுப்பு டி-சர்ட்டை 30 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 2.4 கிராம் உப்பு. 90 முறை உடுத்தினால் 0.8 கிராம். உள்பக்கம் வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் உலர்த்தினால் கறுப்பு அவ்வளவு காலம் நிற்கும். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் ஆகாது.

உப்புப் புத்தகம்

ஒரு பட்டறையோ பொது நிலையமோ உண்மையாக ஓடுகிறதா என்று பார்க்கச் சான்றிதழைவிட நம்பகமானது அதன் உப்புக் கணக்கு. எல்லாவற்றையும் உலர் எடைக்கு மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தொட்டிகளில் போட்டது 300 டன் என்று வைப்போம். மீட்டுத் திருப்பிக் கொடுத்தது 250 டன். மிக்ஸ்டு சால்ட்டாக ஷெட்டில் ஏறியது 30 டன். 20 டன்னைக் காணவில்லை. கசடில் ஒட்டியது, சவ்வைக் கழுவியது, துணியின் ஈரத்தில் போனது என்று இரண்டு மூன்று சதவீதம் கழியலாம். அது 6 முதல் 9 டன். மீதி பதினொன்றுக்கு மேல் விளக்கம் வேண்டும். அப்போது எவாப்பரேட்டரின் மின்மீட்டர் பதிவையும் பட்டறைகளின் லாட் கார்டுகளையும் (ஒவ்வொரு லாட்டுக்குமான பதிவு) தேதிவாரியாக அருகருகே வைக்க வேண்டும். எவாப்பரேட்டர் நான்கு நாள் நின்றிருந்து, அந்த நான்கு நாளும் கறுப்பு லாட் ஓடியிருந்தால், சேமிப்புத் தொட்டியின் கொள்ளளவு அதைத் தாங்கியிருக்குமா என்று ஒரு வகுத்தல் போட்டால் போதும்.